கஞ்சிச் சங்கத்தின் முதல் பங்குப் பிரிப்பு

எனிலேசியின் வீட்டில் எவ்வளவு அமைதி என்றால், சுவரில் ஓடும் பல்லிகூட அங்கே வந்ததும் கால் நுனியில் நடக்கும். அவளுடைய ஒற்றைக் கோழி முட்டையிட்டால் கொக்கரிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு வேலி வரை போய்க் கொக்கரித்துவிட்டுத் திரும்பி வரும். அவ்வளவு அமைதி. ஊர்க்கோடி வீடு. அதற்கப்புறம் ஓடை, ஓடைக்கப்புறம் குன்று, குன்றுக்கப்புறம் மொசாம்பிக் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் உலகமே கிடையாது.

புருஷன் ராபிசோனி ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவன். போனதும் ஒரு கம்பளி அனுப்பினான். அப்புறம் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவதாகச் செய்தி அனுப்பினான். அப்புறம் எதையும் அனுப்பவில்லை. கம்பளி மட்டும் நல்ல சரக்கு, இன்னும் கிழியவில்லை.

கலிண்டிசா ஊரில் கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயர் கொஞ்ச நாள்தான் உயிரோடிருக்கும். முதல் குழந்தை பிறந்ததும் அவள் இன்னாருடைய அம்மா ஆகிவிடுவாள், சொந்தப் பெயரை ஓட்டுப் போடும் அன்றைக்குத்தான் யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். எனிலேசிக்கு மட்டும் தலை பாதி நரைத்தும் பெயர் தேயவே இல்லை. வாங்கி வைத்துப் பயன்படுத்தாத சட்டிபோலப் பளபளவென்று கிடந்தது.

அப்படிப்பட்ட நாளில்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஞாங்குலு அம்மா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊர் கூடி மண்ணில் உட்கார்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு முன்னாலே குழந்தைக்கு நல்ல கஞ்சியும் விளையாட்டும் பேச்சும் கிடைத்தால் மூளை வளரும், மூளை வளர்ந்த பிள்ளை படிப்பை நடுவில் விடாது, படித்த பிள்ளை நாலு காசு பார்க்கும், ஊர் செழிக்கும், நாடு செழிக்கும். "குழந்தை மேல போடுற முதல் பல மடங்கா திரும்பி வரும்" என்று முடித்து, ஒரு மாம்பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டார். அப்படிக் குழந்தைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள இடமும் தானியமும் ஊர்தான் தர வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் எழுந்து துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டது. அந்தத் தட்டலோடு பேச்சும் உதிர்ந்துவிடும் போலிருந்தது. அப்போது எனிலேசி, "என் வீட்டு முத்தம் சும்மாதான கிடக்கு, அங்க வச்சுக்கலாம். கஞ்சி நான் காய்ச்சுறேன். மாசம் ஆளுக்கு ஒரு தட்டு மக்காச்சோளம், ஒரு பிடி நிலக்கடலை குடுத்தாப் போதும்" என்றாள்.

மக்காச்சோளம் என்ற சொல் காதில் விழுந்ததும் கிரெவுலோ நின்றான். கிரெவுலோவின் கஞ்சத்தனம் மூன்று மலைக்கு அப்பாலும் பிரசித்தம். தன் வீட்டு நிழல் பக்கத்து முற்றத்தில் விழுந்தால் வாடகை கேட்கலாமா என்று யோசிக்கிறவன். இருமல் வந்தால்கூட முழுசாக இருமாமல் பாதியை நாளைக்கு வைத்துக்கொள்வான்.

"குழந்தைக்குக் கஞ்சி ஊத்தினா ஏப்பம்தான் வரும். வருமானம் எங்கேருந்து வரும்?" என்றான்.

சனம் சிரித்தது. இத்தனை குழந்தைகள் தன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற காட்சியை ஞாங்குலு அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே எனிலேசி மனசில் நடத்திப் பார்த்துவிட்டாள். யார் எங்கே உட்காருவது என்பதுகூட முடிவாகிவிட்டது. இப்போது அதை ஒரு ஏப்பம் கலைக்கப் பார்க்கிறது.

"பெட்டிச் சங்கத்துல துட்டுப் போட்டு ஆளுக்காள் வட்டிக்கு எடுக்குறீங்களே, பெட்டிக்குள்ள அது சும்மா தூங்குதா? குட்டி போடுதில்ல?" என்றாள். "இதுவும் ஒரு சங்கந்தான். கஞ்சிச் சங்கம். தானியத்தைப் புள்ளைங்க வயித்துல போடுங்க, மடங்கா வரும்."

"பெட்டிக்கு மூணு பூட்டு இருக்கு. மூணு பேருகிட்ட சாவி இருக்கு. புள்ளைக்கு எங்க பூட்டு?"

"உன் வாய்க்குப் போடுறதுல மிச்சம் இருந்தா அதுக்குப் போடுவோம்" என்றாள் கிரெவுலோவின் மனைவி மலீதா.

அவன் விடவில்லை. "சரி, பங்கு எப்பப் பிரிப்ப?"

ஞாங்குலு அம்மா சொன்ன மடங்கு, குழந்தை வளர்ந்து ஆளான பிறகு வருவது. அது எனிலேசிக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் அத்தனை வருஷம் கழித்து வரப்போவதற்காக இன்றைக்கு ஒரு தட்டு சோளத்தை அளந்து தருகிற ஆள் அந்த ஊரில் இல்லை என்பது அதைவிட நன்றாகப் புரிந்திருந்தது. வாய் தானாகச் சொல்லியது.

"பெட்டிச் சங்கம் பிரிக்கிற அன்னைக்கே."

அவ்வளவுதான், ஊர் சேர்ந்துவிட்டது.

காலையில் கஞ்சி கொதிக்கும் நேரத்துக்கு அம்மாக்கள் முதுகிலிருந்து குழந்தைகளை அவிழ்த்து அவள் முற்றத்தில் இறக்கிவிட்டு, மண்வெட்டியோடு ஓடைப்பக்கம் இறங்கிப் போவார்கள். அதற்கப்புறம் அங்கே கிளம்பும் சத்தத்துக்கு ஆடுகள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகச் சொல்வார்கள். வானத்தில் போன பருந்து ஒன்று வழியை மாற்றிக்கொண்டது. ஒருத்தன் எனிலேசியின் தலைத்துணியைப் பிடித்து இழுப்பான், ஒருத்தி அவள் மடியில் மண் கொட்டி மூடிப் பார்ப்பாள், மலீதாவின் மகள் ஃபட்சானி எல்லாவற்றுக்கும் "ஏன்?" என்று கேட்பாள். ஆடு ஏன் குளிப்பதில்லை? கஞ்சி ஏன் வெள்ளை? உனக்கு ஏன் பல் ரெண்டு இல்லை? எனிலேசி பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போவாள். இத்தனை வருஷம் மடித்து வைத்திருந்த பேச்செல்லாம் அவிழ்ந்து கொட்டியது. கல்லை வைத்து எண்ணுவது, இலையை வைத்துக் கடை நடத்துவது, செத்த வெட்டுக்கிளிக்குச் சவ அடக்கம் செய்வது என்று முற்றத்தில் ஒரு குட்டி தேசமே நடந்தது.

உச்சி வெயில் சாயும்போது அம்மாக்கள் வருவார்கள். ஒவ்வொரு குழந்தையாக முதுகில் ஏறிப் போகும். கடைசிக் குழந்தையின் தலை வேலிக்கு மேலாகக் கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்ததும் பல்லி மறுபடி கால் நுனியில் நடக்க ஆரம்பிக்கும். முன்பிருந்த அமைதியைவிட இது மோசம். முன்பு அமைதி வீட்டின் சாமான்போல ஒரு மூலையில் கிடந்தது. இப்போது தினமும் மத்தியானம் புதுசாக வந்து இறங்கியது. அவள் சாயங்காலக் களியைக் கிண்டி, ஒரு பிடி காய்ந்த மீனோடு தின்றுவிட்டு, நாளைக்கு ஊற வைக்க வேண்டிய சோளத்தை ஊற வைத்தவுடன் படுத்துவிடுவாள். தூங்கினால்தானே விடியும்?

குளிர்காலம் போனது. வெயில் காலம் வந்து குன்றெல்லாம் கருகியது. மழைக்கு முந்தி உரம் வாங்கும் நேரம் நெருங்க நெருங்க, எனிலேசிக்குச் சோறு இறங்கவில்லை. உரம் வாங்கும் முன்னால்தான் பெட்டி பிரிப்பார்கள்.

பெட்டி பிரிக்கும் அன்று தலைவர் கலிண்டிசாவின் வாசலில் ஊர் கூடியது. ஊர்ப் பெயர்தான் தலைவர் பெயர், நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கலிண்டிசாதான். இப்போதைய கலிண்டிசா கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார், முடியும்போது கரெக்டாக விழித்து "அப்படியே செய்யலாம்" என்பார். மூன்று சாவிக்காரிகளும் வந்தார்கள், மூன்று பூட்டும் திறந்தன, பெட்டிச் சங்கத்தின் பங்கு கைக்குக் கை போனது, பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் எனிலேசி கவனித்தாள். எல்லா ஆண்களின் கக்கத்திலும் மடித்த வெற்றுச் சாக்கு. கிரெவுலோ இரண்டு சாக்கைச் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கிக் கொண்டுவந்திருந்தான். அதற்குள் ஒரு மாட்டைக் குடிவைக்கலாம்.

"இப்பக் கஞ்சிச் சங்கம்" என்றான் அவன்.

எனிலேசி எழுந்து நின்றாள். தன் குதிரில் இருந்த சோளம் முழுவதையும் வழித்துத் துடைத்து ஒரு முறத்தில் கொண்டுவந்திருந்தாள். அதைக் கூட்டத்தின் நடுவில் வைத்து, முழங்காலிட்டு, இரண்டு கையையும் குவித்துத் தட்டி வணக்கம் சொன்னாள். மழைக்காலம் முழுக்க அவள் தின்ன வைத்திருந்தது அது.

கிரெவுலோ முறத்துக்குள் எட்டிப் பார்த்தான். "இதுவா மடங்கு?"

"என்கிட்ட இருக்கிறது இதான்."

"இதுல என் பங்கை என் கோழிக்குப் போட்டா, கோழி என்னைக் கேலி பண்ணும். நாங்க மாசாமாசம் தட்டுத் தட்டாக் கொட்டினோமே, அது எங்க?"

"புள்ளைங்க வயித்துல."

"அப்ப ஏப்பந்தான். நான் அன்னைக்கே சொன்னேன்." அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "நாளைலேருந்து எம் பொண்ணு வரமாட்டா. நஷ்டத்துல ஓடுற சங்கத்துக்கு யாரு தட்டு தூக்குறது?"

அங்கங்கே தலைகள் ஆடின. "எங்க வீட்டுலயும் வேணாம்" என்று ஒரு குரல் வந்தது. இன்னொன்று ஆமாம் போட்டது. எனிலேசி முழங்காலிட்டபடியே இருந்தாள். சோளம் போனதைப் பற்றி அவளுக்கு நினைப்பே இல்லை. நாளைக் காலை கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் தான் மட்டும் நிற்பது தெரிந்தது.

"வரமாட்டாளா?" மலீதாவின் குரல் கேட்டது. "அப்ப நான் எப்படித் தோட்டத்துக்குப் போறது?"

"முன்ன எப்படிப் போன?"

"முன்ன எங்கய்யா போனேன்? இவளை முதுகுல கட்டிக்கிட்டுக் குனிஞ்சா இவ அழுவா, நிமிந்தா களை சிரிக்கும். போன வருஷம் ஓடையோரத்துல ரெண்டு பாத்தி கீரைதான் போட்டேன், அதையும் ஆடு தின்னுச்சு. இந்த வருஷம் கரை முழுக்கத் தக்காளி போட்டேன்ல, ரோட்டோரம் வச்சு வித்தேன்ல?"

"வித்த. அதுக்கென்ன? தக்காளிக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ இப்ப எதுல ஏறி வந்த?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமரத்தில் கிரெவுலோவின் புது சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் மீது தூசி படாமலிருக்க அவன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியிருந்தான்.

"சைக்கிள்ல."

"சைக்கிள் எதுல வந்துச்சு?"

"தக்காளில."

"தக்காளி எதுல வந்துச்சு?"

கிரெவுலோ போய்ச் சைக்கிள் மேல் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அதான் உன் பங்கு!" என்றாள் மலீதா. "மடங்கு மேலயே ஏறி உக்காந்து பெடலை மிதிச்சுக்கிட்டு வந்து, என் மடங்கு எங்கன்னு கேக்குறான் பாருங்க! சாக்கை மடிய்யா. ரெண்டு சாக்கு வேற, தச்சு வேற எடுத்துட்டு வந்திருக்கான்!"

அப்போது எழுந்த சிரிப்பில் மரத்திலிருந்த கினிக்கோழிகள் பறந்து மொசாம்பிக்கில் போய் இறங்கின, திரும்பி வர விசா கிடைக்காமல் திண்டாடின என்று இன்றும் சொல்கிறார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, தன் வீட்டுக் கூரைக்குத் தகரம் ஏறியது எந்த மொச்சையில் என்று கேட்டாள். இன்னொருத்தி, "எம் பெரியவ நாலு வருஷமா தம்பியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னா. இப்பப் பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்கா. அதை எந்தச் சாக்குல அள்ளுவீங்க?" என்றாள். அவள் புருஷன் சாக்கை மெதுவாக உட்காரும் இடத்துக்கு அடியில் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் கலிண்டிசா ஊரில் ஒரு சாக்குகூடக் கண்ணில் படவில்லை.

எனிலேசிக்கு மூச்சு திரும்பியது. நாளைக்குப் பானை நிறையக் கஞ்சி வைக்கலாம்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் விழித்துக்கொண்டார். வரும்படி என்ற வாசனை தூக்கத்துக்குள்ளேயும் போய் எழுப்புகிற மூக்கு அவருக்கு. விஷயத்தைக் கேட்டு, வயிற்றைத் தடவி, "இவ்வளவு லாபம் தர்ற சங்கமா?" என்றார். "இதை ஊர்க்கோடில, கதவுகூடச் சரியாச் சாத்தாத வீட்டுல வச்சிருக்கிறது ஊருக்கே அவமானம். நாளைலேருந்து இங்க, என் மாமரத்தடில. என் மருமகள் லூசியா நாலாம் படிவம், அதான் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு, அது வரைக்கும் படிச்சுட்டு நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அவ சொல்லிக் கொடுப்பா. பானை நான் தர்றேன்."

ஊர் கை தட்டியது.

"எனிலேசியை மறக்கக் கூடாது" என்று மலீதாதான் எடுத்துக் கொடுத்தாள். "எல்லாரும் பங்கு வாங்கிட்டோம். அவ பங்கு எங்க?"

"நியாயம்" என்றார் தலைவர். "கேளு எனிலேசி. என்ன வேணும் உனக்கு?"

எல்லா முகமும் அவளைப் பார்த்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"புள்ளைங்க எங்கிட்டயே வரட்டும் தலைவரே. அது போதும்."

கூட்டம் முழுவதும் "ஆஆஆ" என்று உருகியது. அந்த ஊரில் பரிசைக் கொடுத்ததும் வாங்கிக்கொள்பவர் யாருமில்லை. ஆடு கொடுத்தால் கயிறு போதும் என்பார்கள், கயிறு கொடுத்தால் பார்த்ததே போதும் என்பார்கள். அதுதான் மரியாதை. மறுக்க மறுக்கத் திணிப்பதுதான் கொடுப்பவர்களின் மரியாதை.

"பாத்தீங்களா மனசை!" மலீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை நாள் ஒழைச்சது போதாதாம், இன்னமும் ஒழைக்கணுமாம்!"

"நெசமாத்தான் சொல்றேன்" என்றாள் எனிலேசி.

"நெசமாத்தான் சொல்றாளாம்!" தலைவர் சிரித்துக்கொண்டே கையைத் தட்டினார். "போதும்மா, நீ அலுத்துப்போயிருக்க. இனிமே ஓய்வெடு. ஆளுக்கு ஒரு தட்டு சோளம் எனிலேசி வீட்டுல கொட்டுங்க. இங்க ஒரு நாற்காலியும் போடுறேன் உனக்கு, என் நாற்காலி பக்கத்துல. நீதான் சங்கத்துத் தலைவி."

மூன்றாவது தடவை சொல்ல வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேலே எனக்கு யாருமில்லை, இப்போது காலையும் போய்விடும் என்று சொல்ல வேண்டும். குலவைக்கும் கைதட்டலுக்கும் நடுவில், புருஷன் பிள்ளை உள்ள இத்தனை பெண்களுக்கு முன்னால், அதை எப்படிச் சொல்வது? அவள் கையைக் குவித்துத் தட்டி நன்றி சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் அவள் குதிர் நிரம்பி, வழிந்து, மூலையெல்லாம் சோளம் குவிந்தது. கிரெவுலோகூட ஒரு தட்டு கொண்டுவந்தான், பாதி வழியில் நின்று இரண்டு கைப்பிடி திரும்ப எடுத்துக்கொண்டது வேறு விஷயம். அந்த வீட்டில் ஒரே நேரத்தில் அத்தனை தானியம் இருந்ததே கிடையாது. கதவைச் சாத்தியபோது குவியலிலிருந்து ஒரு மணி சரிந்து உருண்டது. அது உருண்டு நின்ற சத்தம் வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை அவள் கைக்கு வேலையில்லை. நல்ல துணியை உடுத்திக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். நாற்காலி தயாராக இருந்தது. வருகிற அதிகாரிகள் கண்ணில் படட்டும் என்று ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். குழந்தைகள் முதுகுப்பக்கம். எனிலேசி தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் ஒரு ஆடு போனது. பின்னால் லூசியா ஏதோ சொல்ல, குழந்தைகள் கத்தினார்கள், சிரித்தார்கள், யாரோ யாரையோ கடித்து அழ வைத்தார்கள். அவள் திரும்பினால் தலைவரும் திரும்பி, "என்ன தலைவி?" என்று கேட்டார். குழந்தைகளில் ஒன்றும் அவளைத் தேடி ஓடி வரவில்லை. அவர்களுக்குப் புது மரம், புது அக்கா, தலைக்கு மேலே பழுத்த மாம்பழம். சந்தோஷமாக இருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதும் அவளுக்கு வேண்டியிருந்தது.

தலைவரின் தலை சரிந்து குறட்டை கேட்கும் வரை காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டதில் அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எங்க?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சு தலைவரே. தரையில கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

"தலைவி தரையில உக்காரலாமா?"

"இடுப்புக்குத் தெரியலையே, நான் தலைவின்னு."

அவர் "அப்படியே செய்யலாம்" என்று மறுபடி தூங்கிப்போனார்.

அவள் குழந்தைகளுக்கு விரித்திருந்த பாயின் கோடியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்தாள். லூசியா பானையைத் திறந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நிலக்கடலை மாவு கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. எனிலேசி அகப்பைக்கு நீண்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். குழந்தைகள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஃபட்சானி மட்டும் கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்தி, சிந்தாமல், அங்குலம் அங்குலமாக நடந்து வந்தாள். யாரிடம் வருகிறோம் என்றுகூட அவள் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் மரத்திலிருந்த ஒரு மாம்பழத்தின் மேல். கிண்ணத்தை எனிலேசியின் மடியில் வைத்தாள்.

"சுடுது. ஊது."

எனிலேசி ஊதினாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. ஃபட்சானி அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டு மாம்பழத்தைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆவி குறைந்து, கஞ்சியின் மேல் மெல்லிய ஆடை படர்ந்தது.

"ஆறிடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றாள் எனிலேசி, இன்னும் மெதுவாக ஊதிக்கொண்டு.